செம்பிலே கீறிய கோடுகள்



இத்தொடரிலே இதுவரை கவிதை, நாவல், நாட்டார் பாடல் என்று சொல்லோடு சம்பந்தப்பட்ட கலைகளைப் பற்றியே பெரும்பாலும் பேசி வந்திருக்கிறேன். இன்று சொல்லில்லாத ஒரு கலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின் முன்னும் பின்னும் பாரிஸிலும் நியூயோர்க்கிலும் வளர்ந்த அரூப எச்சிங் ஓவியமே அது. செப்புத் தகட்டிலே கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை நிரப்பிக் காகிதத்தில் அச்சிடும் ஓவியம். அதிலே முகம் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. கோடும் குழியும் நிறமும் மட்டுமே உண்டு.

வானொலியிலே படத்தைக் காட்ட முடியாது. ஆனால் இந்தப் படங்களின் முன்னால் நின்று பார்த்தவர்களே ‘இதிலே என்ன இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே பார்த்தவர்களும் பாராதவர்களும் இன்று ஓரளவு சமமான நிலையிலேயே இருக்கிறோம். மற்றொன்று, இந்தக் கலை நமக்கு அந்நியமானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கான காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவதை எண்ணிப் பாருங்கள். எழுத்தாணி ஓலைமீது மை பூசுவதில்லை, ஓலையைக் கீறுகிறது. கீறிய உடனே அந்த எழுத்தை எளிதில் வாசிக்க முடியாது. கரியையோ மஞ்சளையோ இலைச்சாற்றையோ ஓலை முழுவதும் தேய்த்துப் பிறகு மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். மேலே பூசியது போய்விடும். கீறலுக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிடும். தங்கியதுதான் எழுத்து. எச்சிங் கலையின் அடிப்படையும் இதுவேதான். கீறு, நிரப்பு, துடை, தங்கியதைப் பார். நம்முடைய முன்னோர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த இந்தக் காரியத்தில் ஒரேயொரு படியை மட்டும் அவர்கள் செய்யவில்லை. அந்த ஓலையின்மேல் ஒரு காகிதத்தை வைத்து அழுத்திப் பிரதி எடுக்கவில்லை.

நான் அல்லைப்பிட்டிக்காரன். பண்ணைத் தாம்போதியால் தீவகத்துக்குப் போகும்போது மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் வருகின்ற ஊர். பனையும் மணலும் கடலும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். 1970களில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அங்கே கண்டெடுத்த சீன மட்பாண்டத் துண்டுகள் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்திய சொங் வம்ச காலத்தவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் இலங்கை அறிஞர்களோடு சேர்ந்து மீண்டும் அங்கே அகழ்ந்தார்கள். சொங் காலத்துப் பச்சை மெருகுப் பாண்டங்களைச் செய்தவர்கள் ஈரக் களிமண்ணிலே பூவையும் கொடியையும் கூரிய கருவியால் கீறி, அதன்மேல் மெருகு பூசிச் சூளையில் இட்டார்கள். கீறலில் மெருகு தேங்கி நிற்கும். தேங்கிய இடம் கடும்பச்சையாகவும் தேங்காத இடம் வெளிறியும் தோன்றும். பள்ளத்தில் தங்குவதே கோடாகத் தெரியும் என்ற இந்த உண்மை ஓலையிலும் உண்டு, களிமண்ணிலும் உண்டு, செம்பிலும் உண்டு.

இனி எச்சிங் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்பு அல்லது நாகத் தகடு ஒன்றை நன்றாக மினுக்கி, அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசுவார்கள். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறும்போது உலோகம் வெளியே தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது, கீறிய இடத்தை மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு ஆழம். பின்னர் பூச்சை நீக்கி, மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, நனைத்த தடித்த காகிதத்தை மேலே வைத்து, கம்பளித் துணியால் மூடி, இரும்பு உருளைகளுக்கிடையே செலுத்துவார்கள். அந்த அழுத்தத்தில் காகிதம் குழிகளுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் எச்சிங் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலும் தடவி அறியலாம். அது காகிதத்தின்மேல் புடைத்து நிற்கும். இன்னொன்று, தகட்டில் வலமாக இருப்பது காகிதத்தில் இடமாக வரும். எனவே ஓவியன் தன் படத்தைத் தானே முழுமையாகக் காண்பது அச்சான பிறகுதான்.

ஐரோப்பாவிலே இந்த முறை சில நூறு ஆண்டுகளாக இருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டிலே ரெம்பிராண்ட் இதன் சிகரத்தைத் தொட்டார். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலே புகைப்படம் வந்ததும், பிறருடைய ஓவியத்தைப் பிரதி செய்யும் கைவினையாகச் செதுக்கோவியம் பெற்றிருந்த இடம் பறிபோயிற்று. அதைப் புதிய கலையாக எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஸ்ரான்லி வில்லியம் ஹேற்றர் என்ற ஆங்கிலேயர்.

ஹேற்றர் 1901இல் லண்டனில் பிறந்தவர். படித்தது இரசாயனவியலும் புவியியலும். பாரசீகத்தின் அபதானில் எண்ணெய்க் கம்பனியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு 1926இல் ஓவியனாக வாழ்வதென்று பாரிஸ் வந்து சேர்ந்தார். ஜோசப் ஹெஷ்ற் என்ற கலைஞரிடம் செதுக்குளி பிடிக்கக் கற்றார். 1927இல் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். 1933இல் அது கம்பாஞ் பிரமியேர் வீதியின் 17ஆம் இலக்கத்துக்கு மாறியது. வீட்டிலக்கமே பெயராகி ‘அத்தலியே 17’ ஆயிற்று. அத்தலியே என்றால் பட்டறை. இங்கே குருவும் சீடனும் என்ற பிரிவு குறைவு. பிக்காசோ, மிரோ, ஜியாகொமெற்றி போன்ற புகழ்பெற்றவர்களும் நேற்று வந்த மாணவனும் ஒரே மேசையில், ஒரே அமிலத் தொட்டியில் வேலை செய்தார்கள். கண்டுபிடித்ததை ஒளிப்பதில்லை என்பது அங்கே எழுதாத விதி.

செதுக்குளியால் கோடிழுப்பது பென்சிலால் இழுப்பது போன்றதன்று. உளியைக் கை முன்னே தள்ளும். வளைவு வேண்டுமானால் தகட்டையே திருப்ப வேண்டும். முன்னரே வரைந்து வைத்த உருவத்தைப் பின்பற்றாமல், திரும்புகின்ற தகட்டிலே கோடு தானாகத் தேடிச் செல்லட்டும் என்று ஹேற்றர் விட்டார். அவருடைய அரூபம் பிறந்தது இப்படித்தான். கை செய்யும் வேலையின் தன்மையிலிருந்து எழுந்த அரூபம் அது.

ஆனால் அந்தப் பட்டறை உலகத்தைப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டதில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1938இல் ஒரு பதிப்போவியத் தொகுதியும் 1939இல் இன்னொன்றும் அங்கிருந்து வெளிவந்தன. இரண்டாவதில் ஹேற்றரோடு கந்தின்ஸ்கியும் மிரோவும் பங்குபற்றினர். அதன் பணம் ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகளுக்காகச் சேர்க்கப்பட்டது. ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம் என்பதால் ஓர் ஓவியம் பலருடைய உதவியாக மாற முடிந்தது. அரூப ஓவியர்கள் மனிதத் துயரம் அறியாதவர்கள் என்று சொல்பவர்கள் இந்தச் செய்தியை மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும்.

1939இல் போர் வந்தது. ஹேற்றர் பாரிஸை விட்டு வெளியேறி, 1940இல் நியூயோர்க்கில் பட்டறையை மீண்டும் தொடங்கினார். இடம்பெயர்ந்த ஐரோப்பியரும் இளம் அமெரிக்கரும் அங்கே சந்தித்தனர். 1944, 45ஆம் ஆண்டுகளில் அங்கே வந்து தகடு கீறியவர்களுள் ஒருவர் ஜக்சன் பொலொக். பின்னாளில் தரையில் துணி விரித்து வர்ணம் சிந்தி உலகையே திகைக்க வைத்தவர். அவருடைய அந்தத் தகடுகள் அவர் 1956இல் இறந்த பிறகு, 1967இல்தான் முறையாக அச்சிட்டு வெளியிடப்பட்டன. தகடு என்பது காத்திருக்கக்கூடிய பொருள். கீறியவன் போனாலும் அது தன் வேலையைச் செய்யும்.

1946இல் ஹேற்றர் ‘ஐந்து உருவங்கள்’ என்ற பெரிய பதிப்போவியத்தைச் செய்தார். பட்டுத்திரை வழியாக மூன்று நிறங்களை மை நிரப்பிய ஒரே செப்புத் தகட்டின்மேல் ஏற்றி, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டார். அதுவரை பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு தகடு வேண்டும். மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேலொன்றாக அவற்றைப் பொருத்த வேண்டும். இது தொழில்நுட்பச் செய்தி. மற்றச் செய்தி, அது தன் மகனை இழந்த ஒரு தகப்பன் செய்த ஓவியம் என்பது. அதில் பிள்ளையின் முகம் கிடையாது. ஒன்றையொன்று சுற்றித் தவிக்கும் உடற்கோடுகள்தான் உண்டு.

1950இல் ஹேற்றர் பாரிஸுக்குத் திரும்பினார். சிறிது காலத்துக்குள் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தவர் நம் பக்கத்துக்காரர் ஒருவர். கிருஷ்ணா ரெட்டி 1925இல் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் நந்தனூர் என்ற கிராமத்திலே பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் கற்றவர். 1947இலிருந்து சில காலம் சென்னையில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். அங்கிருந்து லண்டன், பிறகு பாரிஸ். அடிப்படையில் அவர் சிற்பி. ஆதலால் தகட்டையும் தட்டையான தாளாகப் பார்க்காமல், மேடும் பள்ளமும் உள்ள நிலமாகவே பார்த்தார். ஊசியும் அமிலமும் போதாமல் உளியும் அரமும் கொண்டு அதைக் குடைந்தார்.

பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியும் ரெட்டியும் ஹேற்றரும் அந்தப் பட்டறையில் வளர்த்தெடுத்த முறையே இன்று உலகமெங்கும் பாகுநிலை அச்சு என்று பேசப்படுகிறது. அதை நம் சமையலறை மொழியிலேயே விளக்கலாம். ஒரு மையிலே ஆளி விதை எண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். இது எண்ணெய்ப் பதம். இன்னொரு மையை எண்ணெய் குறைத்துப் பனம்பாணிபோல இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இது பாணிப் பதம். தகட்டின் மேட்டுப் பகுதிகளில் மட்டும் எண்ணெய்ப் பத மையைக் கடினமான உருளையால் ஏற்றுங்கள். அதற்குமேல் பாணிப் பத மையை மெதுமையான உருளையால் அழுத்தி உருட்டுங்கள். மெதுமையான உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். ஆனால் எண்ணெய் ஏறிய மேட்டில் இரண்டாவது மை ஒட்டாது, பள்ளத்திலேயே ஒட்டும். ஏற்கெனவே ஆழமான கோடுகளுக்குள் கறுப்பு நிற்கிறது. இப்படி மூன்று நிறங்களும் ஒரே தகட்டில், ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல், தத்தம் உயரத்தில் நிற்கின்றன. ஒரு முறை அழுத்தினால் முழுப் படமும் வந்துவிடும்.

இரசாயனத்தில் ஒரு சிறு குணம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அதிலிருந்து ரெட்டி எடுத்தது ஒரு கலை நோக்கு. 1963இல் அவர் செய்த ‘நீர்ச்சுழி’ என்ற பதிப்போவியத்தைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துப் பரவைக் கடலின் நீரோட்டம்தான். படத்தில் படகு கிடையாது, கரை கிடையாது. சுழன்று உள்ளே இறங்கும் பல நூறு செதுக்கல்களும் அவற்றின் ஆழத்துக்கேற்ப மாறும் நிறமுமே உண்டு. தண்ணீரின் தோற்றத்தை அவர் வரையவில்லை, அது நடக்கின்ற விதத்தையே தகட்டில் மீண்டும் நடத்திக் காட்டினார். 1968இல் பாரிஸின் மாணவர் கிளர்ச்சியைக் கண்டபின் செய்த ‘ஆர்ப்பாட்டக்காரர்’ என்ற படத்திலே மனித உருவங்கள் ஓரளவு தெரிகின்றன. ஆனால் யாருடைய முகத்தையும் நாம் அடையாளம் காண முடியாது. கூட்டமாக எழுந்து நிற்பது என்ற செயலே படமாகிறது. பின்னர் அவர் நியூயோர்க் சென்று பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 2018 ஓகஸ்டில் அங்கேயே காலமானார். ஹேற்றர் 1988இலேயே மறைந்துவிட்டார். அவருக்குப்பின் பட்டறை ‘கொன்ட்ரபுவான்’ என்ற பெயரில் தொடர்ந்தது.

இங்கே ஒரு வாதத்தை நேராக எதிர்கொள்ள வேண்டும். நமது விமர்சன உலகில் அரூப ஓவியத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் மரபு ஒன்று உண்டு. மக்கள் துன்பப்படும்போது கோட்டோடும் நிறத்தோடும் விளையாடுவது தப்பியோடல் என்பது அதன் சாரம். இந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் வங்காளத்திலிருந்து கிடைக்கிறது.

சோம்நாத் ஹோர் 1921இல் சிற்றகாங் பகுதியில் பிறந்தவர். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தையும் 1946இன் தேபாகா விவசாயிகள் போராட்டத்தையும் நேரில் நின்று வரைந்தவர். எலும்பும் தோலுமான மனிதரை உருவத்தோடு வரைவதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. ஆயினும் 1971ஐ ஒட்டி அவர் தொடங்கிய ‘காயங்கள்’ என்ற வரிசையிலே உருவமே இல்லை. களிமண் அல்லது மெழுகுத் தட்டையைக் கத்தியால் வெட்டியும் சூடிட்டும், அதிலிருந்து வார்ப்பு எடுத்து, காகிதக் கூழை அதில் அழுத்தி உலரவிட்டார். பெரும்பாலும் மையே இல்லை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை வெட்டு. யாருடைய காயம் என்று கேட்க முடியாது. அதனாலேயே அது எல்லாருடைய காயமும் ஆகிறது. உருவம் வரையத் தெரியாதவர் அல்லர் அவர். உருவத்துக்கு ஆற்றாத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

அந்த வெள்ளைத் தாள்களின் படங்களை முதன்முறை பார்த்தபோது என்னால் அல்லைப்பிட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990இல் எங்கள் ஊர் இராணுவ நடவடிக்கையில் வெறிச்சோடியது. பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனவர்கள் பலர். எங்கள் வீட்டில் பெட்டிக்குள் இருந்த சாதக ஓலைகளும் அந்த ஓட்டத்தில் தவறின. பின்னர் திரும்பிக் குடியேறியவர்கள் மத்தியில், 2006 மே 13 இரவில் தீவகத்தில் சிறுபிள்ளைகள் உட்பட 13 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுட் பலர் அல்லைப்பிட்டியார். இதை வரைய வருகின்ற ஓவியன் எதை வரைவான்? உடல்களை வரைந்தால், பத்திரிகைப் புகைப்படம் ஏற்கெனவே காட்டியதற்குமேல் அவன் எதைக் காட்டுவான்? ஹோரின் ஒரு வெட்டு, காட்டுவதற்குப் பதிலாக, நம்முடைய விரலை அந்த இடத்தில் வைக்கச் சொல்கிறது.

இனித் தமிழ் மண்ணில் இந்தக் கலை எங்கே நின்றது என்று பார்ப்போம். அச்சு நம்மிடம் பிந்தி வந்ததல்ல. 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் உதயதாரகை வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். ஆனால் அச்சு நமக்குச் சமயத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் உரியதாகவே இருந்தது. படம் என்றால், 1894இல் ரவி வர்மா பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடத்தின் வழிவந்த சாமிப் படங்கள். இலங்கையில் 1920களில் பிரதம ஓவிய வித்தியாதரிசியாக இருந்த வின்ஸர் தாமே கல்லச்சு ஓவியர். அவர் பெயரால் 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் அமைத்தார். பின்னர் அ. மாற்கு தலைமுறை தலைமுறையாக மாணவர்களை நவீன ஓவியத்துக்குள் அழைத்து வந்தார். இவ்வளவிருந்தும் நம் ஓவியம் சுவரில் தொங்கும் ஒற்றைப் பிரதியாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது.

தமிழ்நாட்டிலே நிலைமை சற்று வேறு. 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, பதிப்போவியத்தையே தம் முதன்மை ஊடகமாக்கிக் கொண்டார். 1991இல் அமெரிக்காவின் ரமரின்ட் நிறுவனத்தில் கல்லச்சுப் பயின்றார். பறத்தல், வான்வெளி, போர் விமானம், காலம் ஆகியவை அவருடைய அக்கறைகள். கோடுகளோடு எண்களும் முத்திரைகள் போன்ற குறிகளும் அவருடைய படங்களில் இடம்பெறும். தொலைந்த ஏதோ ஒரு கந்தோரின் ஆவணம்போல அவை நம்மை நிறுத்தி வைக்கும்.

யாழ்ப்பாணத்தில் 1969இல் பிறந்த தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலை எச்சிங் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வரலாற்றோடு அதைச் சேர்த்தே வாசிக்க விரும்புகிறேன். ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கீறல்களும் கட்டட வரைபடங்களும் ஓவியரின் சித்திரங்களும் சேர்ந்து அச்சேறின. தெரியாதவனுக்கு அவை வெறும் கோடுகள். ‘இது கிணறு, இது மாமரம், இது அம்மா இருக்கும் விறாந்தை’ என்று அறிந்தவனுக்கு அந்தக் கோட்டை விட உருவம் நிறைந்த சித்திரம் உலகத்தில் இல்லை.

நான் இவ்வளவு நேரமும் சொல்லி வந்ததன் பயன் இரண்டு. முதலாவது, கோடு உருவத்தை விட்டு வந்தால் வாழ்வையும் விட்டு வந்துவிட்டது என்று பொருளில்லை. இரண்டாவது, நமக்கு இன்னும் அவசரமானது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் வரையில் அழிந்தன என்று சொல்கிறோம். அவற்றுள் வேறெங்கோ பிரதி இருந்த நூல்களை உலகெங்குமிருந்து மீண்டும் திரட்டிக்கொள்ள முடிந்தது. ஒற்றையாக இருந்த ஓலைச்சுவடி திரும்பவில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது சுவரிலே தொங்கவிட்டு வந்த ஓவியங்களுக்கும் அதே கதிதான்.

பதிப்போவியத்தின் ஓரத்தில் ஓவியன் பென்சிலால் ஓர் எண் எழுதுவான். ஐம்பதில் மூன்றாவது, ஐம்பதில் பதினேழாவது என்று. ஐம்பதும் மூலமே, ஒன்றும் நகலன்று. ஒன்று கொழும்பில் இருக்கும், ஒன்று பாரிஸில் ஒரு தொழிலாளியின் அறையில் இருக்கும், ஒன்று ரொறன்ரோவில் இருக்கும். ஒரு நெருப்பால் ஐம்பதையும் எரிக்க முடியாது. விலையும் ஒரு சாதாரண குடும்பத்துக்கு எட்டாததாக இருக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து சிதறிய ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓவிய வடிவம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தாணி பிடித்த கை நம்முடையது. கீறவும் நிரப்பவும் துடைக்கவும் அந்தக் கைக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. முன்னோர் விட்டுவைத்த கடைசிப் படி ஒன்றுதான் மீதி. காகிதத்தை வைத்து அழுத்துவது. நம் பாடசாலைகளின் சித்திர வகுப்புகளிலே ஒரு சிறிய கை அச்சுப்பொறி இருந்தால் அந்தப் படியையும் நம் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள்.